யூபியுவில் சமூகக் கல்லூரி, பேரங்காடியில் டிப்ளோமா: மகனை எங்கே சேர்ப்பது?

கேள்வி: என் மகன் எஸ்பிஎம் (ஐந்தாம் படிவம்) தேர்வில் மலாய், தமிழ், நன்னெறி மூன்றிலும் கிரெடிட் எடுத்திருக்கிறான். வரலாறும் கணிதமும் வெறும் பாஸ்தான். வீட்டில் ஃபேன், ரைஸ் குக்கர் எது கெட்டாலும் அவன்தான் பிரித்துப் பார்ப்பான். அரசு உயர்கல்வி இடங்களுக்கான யூபியு விண்ணப்பத்தில், சமூகக் கல்லூரியில் மின்சாரப் பிரிவுச் சான்றிதழ் படிப்பு கிடைத்திருக்கிறது. பேரங்காடியில் மேசை போட்டிருந்த ஒருவர், “சான்றிதழை வைத்து என்ன செய்வீர்கள்? எங்கள் தனியார் கல்லூரியில் நேராக வணிக நிர்வாக டிப்ளோமா சேரலாம், பிறகு இன்ஜினியரிங்குக்கு மாற்றிக்கொள்ளலாம். பிடிபிடிஎன் அரசுக் கல்வி நிதி முழுதாக வரும், லேப்டாப் இலவசம்” என்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் 500 ரிங்கிட் கட்டச் சொல்கிறார். கணவர் லாரி ஓட்டுகிறார். என்ன செய்வது? – ஒரு தாயார், புக்கிட் தெங்கா, பினாங்கு.

பதில்: அம்மா, அந்த 500 ரிங்கிட்டைக் கட்டாதீர்கள். இன்றைக்கே யூபியு பக்கத்தில் நுழைந்து, கிடைத்த இடத்தை ஏற்றுக்கொள்வதாகப் பதில் கொடுங்கள். அதற்கென்று ஒரு கடைசித் தேதி இருக்கிறது. பதில் கொடுக்காவிட்டால் இடம் கையை விட்டுப் போய்விடும். யாரும் போன் போட்டு ஞாபகப்படுத்த மாட்டார்கள். மற்றதை எல்லாம் அப்புறம் நிதானமாகப் பேசலாம்.

உங்கள் மகனுக்கு ஏன் பொலிடெக்னிக் (அரசுத் தொழில்நுட்பக் கல்லூரி) டிப்ளோமா வரவில்லை என்று யோசித்திருப்பீர்கள். மூன்று கிரெடிட் இருந்தும் வரவில்லையே என்று வருத்தமும் இருக்கும். பொறியியல் டிப்ளோமாவுக்குக் கணிதத்தில் கிரெடிட் வேண்டும், கூடவே ஓர் அறிவியல் அல்லது தொழில்நுட்பப் பாடத்திலும் வேண்டும். தனியார் கல்லூரிக்கும் இதே விதிதான். அதனால்தான் அந்த மனிதர் மின்சாரம் படிக்கப் பிறந்த பையனுக்கு வணிக நிர்வாகத்தை நீட்டுகிறார். “பிறகு மாற்றிக்கொள்ளலாம்” என்பதை நம்பாதீர்கள். கணித கிரெடிட் இல்லாதவனுக்கு இன்று திறக்காத கதவு, வணிக நிர்வாகத்தில் ஒரு வருடம் உட்கார்ந்தால் மட்டும் எப்படித் திறக்கும்?

சமூகக் கல்லூரியில் சேர்ந்தால் வழி நேராக இருக்கிறது. சான்றிதழ் படிப்பை ஒழுங்காக முடித்து, மொத்தச் சராசரிப் புள்ளியான சிஜிபிஏ 2.00-க்குக் குறையாமல் பார்த்துக்கொண்டால், அதே துறையில் பொலிடெக்னிக் டிப்ளோமாவுக்கு விண்ணப்பிக்கலாம். நம் பக்கத்திலேயே பெர்மாத்தாங் பாவில் செபராங் பிறை பொலிடெக்னிக் இருக்கிறது. டிப்ளோமா முடித்தவர்கள் யூனிமாப் (மலேசிய பெர்லிஸ் பல்கலைக்கழகம்) மாதிரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களுக்கும் போகிறார்கள். சுற்றுவழிதான், ஆனால் முட்டுச்சந்து இல்லை. பொலிடெக்னிக்கில் படிப்புக் கட்டணம் செமஸ்டருக்கு 200 ரிங்கிட். ஆறு செமஸ்டருக்கு 1,200. உங்களிடம் கேட்ட முன்பணத்தில் இரண்டு செமஸ்டர் முடிந்து மிச்சமும் இருக்கும்.

இனி பிடிபிடிஎன். “முழுதாக வரும்” என்று சொல்பவர்கள் அது கடன் என்பதை மெல்லிய குரலில்தான் சொல்வார்கள். எவ்வளவு வரும் என்பது குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. அதற்கு உச்ச வரம்பும் உண்டு. கல்லூரிக் கட்டணம் வரம்பைத் தாண்டினால் மீதி உங்கள் கணவர் லாரியிலிருந்துதான் வரவேண்டும். பையன் படிப்பைப் பாதியில் விட்டாலும் வாங்கிய கடன் நிற்கும், வருடத்துக்கு 1 விழுக்காடு கட்டணத்தோடு. மேசை போட்டவருக்கு ஓர் ஆளைச் சேர்த்ததற்கான கமிஷன் அன்றைக்கே முடிந்த கதை.

இந்த மேசைக்காரர்களைப் பற்றி இன்னும் ஒன்று. பையனின் அடையாளக் கார்டு எண்ணையும் யூபியு கடவுச்சொல்லையும் கேட்டால் கொடுக்காதீர்கள். “நிலவரத்தைப் பார்த்துச் சொல்கிறேன்” என்றுதான் ஆரம்பிப்பார்கள். சில வருடங்களுக்கு முன் ஒரு தந்தை என்னிடம் வந்தார். மகளுக்குப் பொலிடெக்னிக் இடம் கிடைத்திருந்தது. ஒரு புண்ணியவான் தன் மடிக்கணினியில் பார்த்துக் கொடுத்தாராம். மறுநாள் திறந்தால் “நிராகரிக்கப்பட்டது” என்று இருந்தது. யார் அழுத்தியது என்று எப்படி நிரூபிப்பது? அந்தப் பெண் கடைசியில் அதே புண்ணியவானின் கல்லூரியில் சேர்ந்தாள். பொதுக் கல்லூரி இடத்தை “உள்ளே ஆள் வைத்து” வாங்கித் தருகிறேன் என்பவர்களும் உண்டு. அவர்களிடம் பேச்சே வேண்டாம்.

உறவினர் யாராவது, “அந்தக் கல்லூரி அங்கீகாரம் பெற்றதுதானே” என்று வாதாடுவார். சரி, பார்த்துவிடலாம். படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் எம்கியூஏவின் பதிவேடு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கல்லூரி பெயரைப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். அங்கீகாரம் ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனி. படிப்பைத் தேடினால் ஒரு குறிப்பு எண் வரும். அதில் ‘எஃப்.ஏ.’ என்றிருந்தால் முழு அங்கீகாரம், ‘பி.ஏ.’ என்றிருந்தால் தற்காலிக அங்கீகாரம். இந்த பி.ஏ. பட்டம் இல்லை அம்மா, ஏமாந்துவிடாதீர்கள். ஆனால் பி.ஏ. என்றாலே மோசடி என்றும் முடிவு கட்டக்கூடாது. இதை நான் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் நல்ல புதுப் படிப்பு ஒன்றைப் பெற்றோர் இதனாலேயே கைவிட்டதும் உண்டு. எந்தப் புதுப் படிப்பும் பி.ஏ.யில்தான் தொடங்கும். முதல் அணி மாணவர்கள் கடைசி வருடத்துக்கு வரும்போது கல்லூரி முழு அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்கும். பி.ஏ. இருக்கும்போதே பிடிபிடிஎன் கடனும் கிடைக்கும். ஆகவே கேட்கவேண்டியது, படிப்பு தொடங்கி எத்தனை வருடம் ஆயிற்று என்பதுதான். போன வருடம் தொடங்கி பி.ஏ. என்றால் இயல்பு. மூன்று அணி வெளியே போயும் இன்னும் பி.ஏ. என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

அரசுத் தரப்பைப் பற்றியும் எனக்குக் கோபம் உண்டு. நாட்டின் முதல் பொலிடெக்னிக் ஈப்போவில் 1969-இல் வந்தது. சமூகக் கல்லூரிகள் 2001 முதல் இருக்கின்றன. இத்தனை காலம் கழித்தும் ஒரு லாரி ஓட்டுநரின் மனைவிக்கு இதைப் பேரங்காடி மேசைக்காரர்தான் விளக்கவேண்டியிருக்கிறது. சமூகக் கல்லூரி உயர்கல்வி அமைச்சின் கீழ். புக்கிட் மின்யாக்கில் இருக்கும் ஜப்பான்–மலேசியத் தொழில்நுட்பக் கழகம் மனிதவள அமைச்சின் கீழ். தொழிற்கல்லூரிகள் கல்வி அமைச்சின் கீழ். எல்லாவற்றுக்கும் திவெட் (தொழில்நுட்ப, தொழிற்கல்வி) என்று ஒரே பெயர்ப்பலகை, வாசல் மட்டும் வேறுவேறு. நம் சமூகத்தில் வருடாவருடம் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேஷன் இடங்களுக்காக அறிக்கை பறக்கிறது. மூன்று கிரெடிட் பிள்ளைக்காக அறிக்கை விட்டவரை நான் பார்த்ததில்லை.

சமூகக் கல்லூரியில் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். சில இடங்களில் பட்டறை இயந்திரங்கள் பழசு. எல்லாக் கல்லூரியிலும் எல்லாப் படிப்பும் கிடையாது. ஆனால் நீங்கள் இருக்கும் இடத்தைப் பாருங்கள். பாயான் லெப்பாஸில் 1972-இலிருந்து தொழிற்சாலைகள். இந்தப் பக்கம் பிறை, பத்து காவான், கொஞ்சம் தள்ளிக் கூலிம். இயந்திரத்தைத் திறந்து பார்க்கத் தெரிந்த பையனுக்கு இந்த வட்டாரத்தில் வேலை தேடுவது பெரிய பாடில்லை. வணிக நிர்வாக டிப்ளோமாவோடு நேர்முகத் தேர்வுக்கு வரிசையில் நிற்பவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள்.

கல்லூரியில் இரண்டு விஷயம் கேளுங்கள். இந்தப் படிப்பை முடித்தவன் எரிசக்தி ஆணையத்தின் வயர்மேன் தகுதித் தேர்வுக்கு உட்கார முடியுமா? முடிந்தால் தொழிற்சாலை வேலை இல்லாவிட்டாலும் வீட்டு வயரிங் அவன் கையில் இருக்கும். அடுத்து, சென்ற அணியில் யாராவது பொலிடெக்னிக் போனார்களா, எந்தத் துறைக்கு? போனில் கேட்டால் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு மாற்றிக்கொண்டே இருப்பார்கள், நடுவில் சாப்பாட்டு நேரம் வந்துவிடும். காலை 9 மணிக்கு நேரில் போங்கள். மகனையும் கூட்டிப்போங்கள், பட்டறையை அவன் கண்ணால் பார்க்கட்டும்.