சபைக்குச் செல்லாமல் விசுவாசியாக வாழ முடியுமா?

கேள்வி: நாள்தோறும் வேதம் வாசித்து ஜெபிக்கிறேன். ஆனால் எங்கள் சபையில் நிலவும் கட்சிப் பிரிவினையும், பணமுள்ளவர்களுக்குக் கிடைக்கும் தனி மரியாதையும் என் மனத்தைப் புண்படுத்தியதால், சில காலமாக ஆராதனைக்குச் செல்வதில்லை. இதனால் என் விசுவாசத்துக்கு என்ன குறை வந்துவிடும்?

பதில்: உங்கள் மனத்தாங்கல் நியாயமானது. நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளும், ஏறத்தாழ கி.பி. 55இல் பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் நிருபத்தில் அப்படியே காணப்படுகின்றன. பவுலைச் சேர்ந்தவர்கள், அப்பொல்லோவைச் சேர்ந்தவர்கள் என்று அங்கே பிரிந்து நின்றார்கள். கர்த்தருடைய பந்திக்கென்று கூடிய இடத்திலேயே, சிலர் தங்கள் உணவை முந்திக்கொண்டு உண்டதால், ஒருவர் பசித்திருக்க இன்னொருவர் குடித்து வெறித்திருந்தார். இல்லாதவர்களை வெட்கப்படுத்துவது தேவனுடைய சபையையே அசட்டை பண்ணுவதாகும் என்று பவுல் கடுமையாகக் கண்டித்தார். ஆயினும் நிருபத்தின் தொடக்கத்தில் அவர்களைத் தேவனுடைய சபை என்றே அழைக்கிறார். அவமானப்பட்ட ஏழைகளிடம், இனி வீட்டிலேயே ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று அவர் சொல்லவில்லை. ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்பதே அவர் தந்த கட்டளை.

இந்தக் கட்டளையின் எளிமை என்னை எப்போதும் அசைக்கிறது. வேலை முடிந்து பிந்தி வருகிறவர் வந்து அமரும்வரை அப்பத்தில் கை வைக்காமல் இருப்பதைத் தனி அறையில் எவரும் கைக்கொள்ள முடியாது. மன்னிப்பது, ஒருவர் பாரத்தை ஒருவர் சுமப்பது, அழுகிறவர்களோடு அழுவது என்று புதிய ஏற்பாடு விசுவாசிகளிடம் கேட்கும் பலவும் இத்தகையவையே. எதிரில் இன்னொருவர் இருந்தாக வேண்டும், அவர் பல வேளைகளில் நமக்குப் பிடிக்காதவராகவும் இருப்பார். 381ஆம் ஆண்டின் விசுவாச அறிக்கையில், பிதா, குமாரன், பரிசுத்த ஆவியைத் தொடர்ந்து திருச்சபையும் இடம்பெறுவதை இதோடு சேர்த்து எண்ணிப் பாருங்கள். திருச்சபையின் அமைப்பையும் அதிகாரத்தையும் பற்றிக் கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டினரும் ஆர்த்தடாக்ஸ் சபையாரும் வேறுபடுகிறார்கள். ஆனால் விரும்பினால் சேரலாம், விரும்பாவிட்டால் விடலாம் என்று அதைக் கருதுவது இவர்களுடைய பொதுவான போதனை அல்ல.

உங்களுக்கு என்ன குறை என்று கேட்டீர்கள். நீங்கள் இல்லாததால் மற்றவர்களுக்கு என்ன குறை என்பதையும் கேட்க வேண்டும். கண் கையைப் பார்த்து, நீ எனக்கு வேண்டியதில்லை என்று சொல்லக்கூடாது என்று அதே நிருபத்தின் 12ஆம் அதிகாரம் கூறுகிறது; பலவீனமாகத் தோன்றும் உறுப்புகளே மிகவும் அவசியமானவை என்றும் சேர்த்துச் சொல்கிறது. பாரபட்சத்தைக் கண்டு வருந்தும் உங்களைப் போன்றவர்கள் ஒவ்வொருவராக விலகிவிட்டால், அந்தப் பாரபட்சத்தால் ஒதுக்கப்பட்டுக் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவருக்கு அங்கே யார் துணை?

குறை கண்டால் முதலில் தனியே பேசவும், கேளாவிட்டால் ஓரிருவரை அழைத்துச் செல்லவும், பின்னர் சபைக்குத் தெரிவிக்கவும் மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் இயேசு வழி காட்டுகிறார். அதிகாரத்தில் இருப்பவர்களால் கொடுமைக்கோ சுரண்டலுக்கோ ஆளானவர்கள் மட்டும், இந்த வரிசையைக் காட்டி யாரும் தங்களைக் கட்டிப்போட இடம் தரவேண்டாம். அவர்கள் அந்த இடத்தைவிட்டு வெளியேறிப் பாதுகாப்பான வேறொரு சபையில் சேர்வது திருச்சபையைவிட்டு விலகுவதாகாது.

கேள்வி: படுத்த படுக்கையாக இருக்கும் என் தாயார் கைப்பேசியில்தான் ஆராதனையைக் காண்கிறார். அவர் சபையில் பங்குபெறுகிறார் என்று சொல்லலாமா?

பதில்: தாராளமாகச் சொல்லலாம். ஏறத்தாழ 155ஆம் ஆண்டில் ஜஸ்டின் என்ற விசுவாசி, ஞாயிறு வழிபாட்டைப் பேரரசருக்கு எழுத்தில் விளக்கியபோது, வர இயலாதவர்களுக்கு உதவிக்காரர்கள் அப்பத்தையும் திராட்சரசத்தையும் கொண்டுபோய்க் கொடுத்ததைக் குறிப்பிடுகிறார். வராதவருக்கும் அந்தப் பந்தியில் பங்கு இருந்தது. எனவே கைப்பேசியோடு நின்றுவிடாமல், வீட்டுக்கு வந்து திருவிருந்து வழங்கும்படி உங்கள் ஆயரிடம் கேளுங்கள். நோயுற்றவர் சபையின் மூப்பர்களை வரவழைக்க வேண்டும் என்று யாக்கோபு எழுதியிருப்பதால், அழைப்பதற்குத் தாயார் கூச்சப்படத் தேவையில்லை. வருவது மூப்பர்களின் கடமை.