என் பாட்டு லிஸ்ட் எங்கே போச்சு?

கேள்வி: பல வருடமாகச் சேர்த்த பாட்டுகளை ஒரு மென்பொருளில் அடுக்கி வைத்திருக்கிறேன். அப்டேட் செய்ததும் இடதுபக்கப் பட்டியைக் காணோம், வரிவரியாக இருந்த லிஸ்ட் போய் ஆல்பம் அட்டைப் படங்களாக நிற்கிறது. எரிச்சலாக இருக்கிறது என்றால், "போகப்போகப் பழகிவிடும், உங்களுக்கு எந்த மாற்றமும் பிடிக்காது" என்கிறார்கள். என் மேல்தான் தப்பா?

பதில்: இல்லவே இல்லை. ஒரு பட்டன் இடம் மாறினால் கை நாலு நாளில் பழகிக்கொள்ளும், அதற்குக் கோபம் வேண்டாம். ஆனால் பாட்டு நூலகத்தில் இருப்பது நீங்கள் உட்கார்ந்து திருத்திய பெயர்கள், போட்ட நட்சத்திரங்கள், யோசித்துக் கோர்த்த பிளேலிஸ்டுகள். ஆயிரக்கணக்கான பாட்டு வைத்திருப்பவர் வருடம், பாடியவர், கடைசியாகக் கேட்ட தேதி என்று பத்தி பத்தியாக வரிசைப்படுத்தித்தான் தேடுவார். அவருக்கு அட்டைப் படத்தைப் பெரிதாகக் காட்டி என்ன பயன்?

இப்படிக் கோபப்பட்டவர்கள் பல தடவை ஜெயித்தும் இருக்கிறார்கள். 2002-ல் வின்ஆம்ப் என்ற பாட்டு கேட்கும் மென்பொருளின் 3-ஆம் பதிப்பு வந்தபோது, கனமாக இருக்கிறது, மெதுவாக ஓடுகிறது என்று நிறைய பேர் பழைய 2-க்கே திரும்பிவிட்டார்கள். கடைசியில் இரண்டையும் சேர்த்து 2003 டிசம்பரில் 5 என்று வெளியிட்டார்கள், பழைய தோற்றமும் அதில் இருந்தது. 2012-ல் ஆப்பிளின் பாட்டு மென்பொருளான ஐடியூன்ஸ் 11 பக்கப் பட்டியை மறைத்தே வந்தது, ஆனால் மெனுவுக்குள் போய் மீட்கலாம். 2014-ல் 12 வந்தபோது அந்த வழியும் போனது, பிளேலிஸ்ட் பக்கத்தில் மட்டும் ஒரு பட்டி மிஞ்சியது. 2016-ல் 12.4 பதிப்பில் பட்டி திரும்ப வந்தது. லினக்ஸில் அமரோக் என்ற பாட்டு மென்பொருளின் பதிப்பு 2 பிடிக்காதவர்கள் பழைய 1.4-ஐ அடிப்படையாக வைத்து க்ளெமென்டைன் என்று தனி மென்பொருளையே உருவாக்கிவிட்டார்கள்.

அதனால் முதலில் 'வியூ' மெனுவைத் திறந்து பாருங்கள், பட்டியும் லிஸ்டும் பெரும்பாலும் அங்கே ஒளிந்திருக்கும். இல்லையென்றால் உருவாக்கியவர்களுக்கு எழுதுங்கள். "கேவலமாக இருக்கிறது" என்று மட்டும் எழுதினால் யாரும் எதையும் திருத்த முடியாது. "வருடப்படி வரிசைப்படுத்த முன்பு ஒரு க்ளிக், இப்போது நாலு" என்று எழுதினால் அதைப் படிக்கிறவருக்கு வேலை தெரியும்.

கேள்வி: புதுத் தோற்றத்தில் ஒரே சினிமா ஆல்பம் ஏழு ஆல்பமாக உடைந்து தெரிகிறது. பாட்டு எதுவும் அழியவில்லை. ஏன் இப்படி?

பதில்: ஒவ்வொரு பாட்டுக்கும் பாடகர் வேறு, அதுதான் காரணம். லிஸ்டாக இருந்தவரை இது கண்ணில் படாது. அட்டைப் படமாகக் காட்டும்போது மென்பொருள் 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்' என்ற கட்டத்தைப் பார்த்துத்தான் சேர்க்கிறது, அது காலியாக இருந்தால் பாடகர் பெயரை எடுத்துக்கொண்டு பிரித்துவிடும். எல்லாப் பாட்டையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து அந்தக் கட்டத்தில் இசையமைப்பாளர் பெயரைப் போடுங்கள், ஒட்டிக்கொள்ளும். இந்த விவரம் பாட்டு ஃபைலுக்குள்ளேயே எழுதப்படுவதால் நாளைக்கு வேறு மென்பொருளுக்குப் போனாலும் கூடவே வரும்.

கேள்வி: பழைய பதிப்புக்கே திரும்பிப் போகலாமா?

பதில்: போகலாம், ஆனால் அவசரப்படாதீர்கள். புதிய பதிப்பு உங்கள் நூலக ஃபைலை, அதாவது பாட்டுகளின் பட்டியலை மென்பொருள் எழுதி வைக்கும் ஃபைலை, தன் வடிவத்துக்கு மாற்றியிருந்தால் பழையது அதைத் திறக்காது. ஐடியூன்ஸ் இதற்காகவே பழைய நூலக ஃபைல்களைத் தனி ஃபோல்டரில் எடுத்து வைக்கும், எல்லா மென்பொருளும் அப்படிச் செய்வதில்லை. இனி அப்டேட்டுக்கு முன்னால் அந்த ஃபைலை நகலெடுத்து வையுங்கள். பிளேலிஸ்டுகளை எம்3யு (M3U) என்ற பிளேலிஸ்ட் ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். அதில் ஃபைல் இருக்கும் இடம்தான் பதிவாகும், எனவே பாட்டு ஃபோல்டரை அப்புறம் நகர்த்தாதீர்கள். நட்சத்திரங்களும் எத்தனை தடவை கேட்டீர்கள் என்ற கணக்கும் பெரும்பாலும் அந்த நூலக ஃபைலில் மட்டும்தான் இருக்கும், பாட்டுக்குள் இருக்காது. நட்சத்திரத்தை ஃபைலிலேயே எழுதும் வசதி சில மென்பொருள்களில் உண்டு, செட்டிங்ஸில் தேடி இன்றைக்கே ஆன் செய்துவிடுங்கள்.