ஆவாரைக்கு வரும் விருந்தாளிகள்: வாசகர் கேள்விகள்

செடி நிறையப் பூ. ஆனாலும் தேனீக்கள் நிற்பதில்லை. என்ன உரம் போடலாம்?

உரத்தால் ஆகிற காரியம் இல்லை இது. ஆவாரம்பூவில் தேனே கிடையாது, மகரந்தம் மட்டும்தான். அதுவும் லேசில் கிடைக்காது. பல பூக்களில் மகரந்தப்பை நீளவாக்கில் வெடித்து, தூள் வெளியே தெரியும். இதில் பையின் நுனியில் சின்னத் துளைதான். கருவண்டு பூவைக் கட்டிப்பிடித்து, இறக்கையை அசைக்காமல் மார்புத் தசையை மட்டும் அதிரவைக்கும். 'கிர்ர்' என்ற அந்த அதிர்வில் தூள் பொலபொலவென்று கொட்டும். மகரந்தப்பை தாங்கும் குட்டைக் கேசரங்களில் வண்டு தீனி எடுக்கும்போதே, நீண்டு வளைந்த கேசரங்கள் அதன் உடம்பில் தூளைப் பூசிவிடும். அடுத்த பூவுக்குப் போவது அந்தத் தூள்தான். தேனீக்கு இந்த வித்தை தெரியாது. சிந்தியதைப் பொறுக்கிக்கொண்டு போகும். தேனீயும் வேண்டுமென்றால் பக்கத்திலேயே துளசியும் தும்பையும் பூக்க விடுங்கள்.

ஒருநாள் காலையில் செடியருகே சும்மா நின்று பாருங்கள். வண்டு கண்ணில் படும் முன்பே சத்தம் காதில் விழும்.

கருவண்டு கொட்டுமா? குழந்தைகள் இருக்கும் வீடு.

ஆண் வண்டுக்குக் கொடுக்கே இல்லை. பெண் வண்டும் கையில் பிடித்து நசுக்கினால்தான் கொட்டும். பட்டுப்போன கட்டை ஒன்றைத் தோட்டத்து மூலையில் போட்டுவையுங்கள். அதில் துளை போட்டுக் கூடு கட்டும்.

இலையெல்லாம் பச்சைப் புழு. வேப்பெண்ணெய் தெளிக்கட்டுமா?

வேண்டாம், தயவுசெய்து. பெரும்பாலும் அவை வெள்ளையன், மஞ்சள் பட்டாம்பூச்சிகளின் புழுக்கள். ஆவாரை இலை அவற்றின் சாப்பாடு. வேப்பெண்ணெய் அவற்றையும் பாதிக்கும். வேர் பிடித்த செடி என்றால் மறுபடி துளிர்த்துவிடும். அப்புறம், எறும்புகளைப் பார்த்தும் பயப்பட வேண்டாம். இலைக்காம்பில், சிற்றிலை ஜோடிகளுக்கு நடுவே இனிப்புச் சுரப்பிகள் உண்டு. பூவில் இல்லாத தேன் அங்கே இருக்கிறது!

பயறு வகைச் செடிதானே, மண்ணில் தழைச்சத்து சேர்க்குமா?

சேர்க்காது. பயறுச் செடிகளின் வேரில் தழைச்சத்தைச் சேர்த்துவைக்கும் முடிச்சுகள் இருக்கும். ஆவாரை வேரில் அவை உருவாவதில்லை.

விதை போட்டேன், முளைக்கவே இல்லை.

தோல் ரொம்பக் கடினம், தண்ணீர் உள்ளே இறங்காது. உப்புத்தாளில் லேசாகத் தேயுங்கள், அல்லது சுடுநீர் ஊற்றி இரவு முழுக்க ஊறவிடுங்கள். உப்பியதை மட்டும் விதைக்கலாம். ஆணிவேர் ஆழமாகப் போகும் செடி என்பதால், நல்ல வெயில் படும் இடமாகப் பார்த்து நேராகவே ஊன்றுவது நல்லது.