வன்னியில் சைபர் பாதுகாப்புக் கம்பனி தொடங்கலாமா? கேள்வி பதில்

கிளிநொச்சி அறிவியல் நகரில் படிக்கும் தம்பி: அண்ணா, ஆன்டிவைரஸ் மாதிரி சொந்தமாக ஒரு மென்பொருள் செய்து விற்கலாமா?

இப்போதைக்கு வேண்டாம் தம்பி, சேவையில் இறங்குங்கள். மென்பொருள் விலைபோகும் வரை ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்கக் காசு எங்கே? இங்கே அரிசி ஆலையோ கூட்டுறவுச் சங்கமோ, பல இடங்களில் கணக்கு முழுவதும் ஒரே கணினியில் கிடக்கிறது. பேக்கப் (தரவின் மறுபிரதி) இருக்கிறதா என்றால் இருக்கிறது என்பார்கள். பார்த்தால் அதே கணினியில் செருகியபடியே ஒரு டிஸ்க் இருக்கும். தரவைப் பூட்டிவைத்துக் காசு கேட்கும் ரான்சம்வேர் வந்தால் இரண்டும் சேர்ந்தே பூட்டப்படும். 2023இல் இலங்கை அரசின் கிளவுட் (அரச நிறுவனங்கள் இணையம் வழியே பயன்படுத்தும் பொதுக் கணினி அமைப்பு) ரான்சம்வேரால் தாக்கப்பட்டபோது மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் போயே போய்விட்டன. அந்தக் காலத்துக்குப் பேக்கப் இல்லை. ஆகவே பேக்கப்பைப் பிரித்து வைத்து, மாதாமாதம் அதிலிருந்து தரவை மீட்டுக் காட்டுங்கள். முதலாளி தன் கணக்கு திரும்பி வருவதைக் கண்ணால் கண்டால் மாதக் கட்டணம் தர யோசிக்கமாட்டார்.

வவுனியாவிலிருந்து ஒரு தங்கச்சி: ஒரு கடையின் இணையத்தளத்தில் ஓட்டை கண்டுபிடித்துக் காட்டினால் வேலை தருவார்களா?

கேட்காமல் தொடவே தொடாதீர்கள். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க கணினிக் குற்றங்கள் சட்டப்படி அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். 5 வருடம் வரை சிறை கிடைக்கலாம். நல்ல எண்ணத்தில் செய்தேன் என்பது காப்பாற்றாது. எந்தக் கணினிகள், எந்த நாட்கள், ஏதும் நின்றுபோனால் யாருக்கு அழைப்பது, இவ்வளவும் எழுதி உரிமையாளரிடம் கையெழுத்து வாங்கிய பிறகே தொடங்குங்கள். இந்தத் தொழிலில் ஒருமுறை பெயர் கெட்டால் வன்னி முழுக்கக் கதவு மூடிவிடும், தங்கச்சி.

முல்லைத்தீவு: பதிவு எப்படி?

தனியாள் என்றால் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவு போதும். பங்காளிகள் சேர்ந்தால், பெரிய இடங்களோடு ஒப்பந்தம் செய்ய நினைத்தால், வரையறுத்த தனியார் கம்பனியாகப் பதியுங்கள்.

மன்னார்: வெளிநாட்டு வேலை எடுக்க ஐஎஸ்ஓ 27001 கட்டாயமா?

தொடக்கத்தில் இல்லை. அது தகவல் பாதுகாப்பை ஒழுங்காக நடத்தும் நிறுவனத்துக்கான சான்றிதழ், செலவும் அதிகம். முதலில் உங்களில் ஒருவர் ஓஎஸ்சிபி எடுங்கள்; அது கணினிகளில் ஓட்டை தேடிச் சோதிக்கத் தெரிந்த தனியாளுக்கான சான்றிதழ். அப்புறம் கொழும்புக் கம்பனி ஒன்றுக்குத் துணை ஒப்பந்தத்தில் வேலை செய்து, கண்ட ஓட்டைகளைப் பற்றி அறிக்கை எழுதப் பழகுங்கள். வாடிக்கையாளர் காசு தருவது அந்த அறிக்கைக்குத்தான். பெரிய இடங்கள் பில் கொடுத்த பிறகும் மாதக்கணக்கில் இழுக்கும்; அதனால் பாதியை முற்பணமாகக் கேளுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம்.