பயர்பாக்ஸும் தகவல் அனுப்புகிறதே, அப்புறம் மாறி என்ன பயன்?

குரோம் பிரவுசரில் காரைக்குடிக் கடை ஒன்றின் தளத்தில் கண்டாங்கிச் சேலை பார்த்தீர்கள். பிறகு செய்தித் தளத்திலும் அதே சேலை, விளம்பரமாக. பயர்பாக்ஸுக்கு மாறலாம் என்றால் அதுவும் டெலிமெட்ரி அனுப்புகிறதே, இரண்டும் ஒன்றுதானே என்கிறீர்கள். ஒன்றல்ல.

டெலிமெட்ரி, மென்பொருள் தன்னைச் செய்தவருக்கே அனுப்பும் தகவல்: எந்தப் பதிப்பு, எத்தனை டேப், எப்போது முடங்கியது. ஆத்தங்குடிக் கல் பதித்துக் கொடுத்தவர், விரிசல் விட்டதா என்று விசாரிப்பது மாதிரி. பிடிக்கவில்லையா, பயர்பாக்ஸ் அமைப்புகளில் அணைத்துவிடலாம். (விண்டோஸ் 11 ஹோம் தானே அனுப்பும் டெலிமெட்ரியை முழுதாக அணைக்க வழியில்லை. அது எனக்கும் எரிச்சல்தான்.)

சேலை துரத்துவது வேறு கதை. கடைத் தளத்துக்குள் ஒரு விளம்பர நிறுவனத்தின் நிரல் இருக்கும். அது உங்கள் பிரவுசரில் ஓர் அடையாள எண்ணைக் குக்கியாக, அதாவது பிரவுசர் சேமித்துவைக்கும் சின்னக் குறிப்பாக, வைத்துவிடும். செய்தித் தளத்திலும் அதே நிறுவனத்தின் நிரல் இருந்தால், எண்ணைப் படித்து, சேலை பார்த்தவர் இவர்தான் என்று கண்டுகொள்ளும். நீங்கள் போனது கடைக்கு. இந்த மூன்றாமவரை யார் கூப்பிட்டது?

ஆப்பிளின் சஃபாரி பிரவுசர் 2020 முதல் இந்தக் குக்கிகளைத் தடுக்கிறது. பயர்பாக்ஸ் 2022 முதல் தளத்துக்குத் தளம் தனியாகப் பூட்டிவைக்கிறது. குரோமில் நீங்களே போய்த் தடுக்க வேண்டும். ஆனால் நீங்கள் கொடுத்த போன் எண்ணைக் கடையே விளம்பர நிறுவனத்திடம் கொடுத்தால், எந்தப் பிரவுசராலும் தடுக்க முடியாது.