அலைவரிசைப் பெட்டி: காருக்குள் ஸ்கேனர், கூரையில் ஆன்டெனா

வடசென்னை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

அமெச்சூர் (ஹாம்) ரேடியோ உரிமம் இருக்கிறது. காரில் போகும்போது கேட்பதற்காக பல அலைவரிசைகளை வரிசையாகத் தேடிப் பிடிக்கும் ஸ்கேனர் ஒன்று வாங்க நினைக்கிறேன். அமெரிக்கர்கள் வீடியோவில் காட்டுகிற பெரிய யூனிடென் ஸ்கேனரையே வாங்கிவிடலாமா?
*– தண்டையார்பேட்டை வாசகர்*

வேண்டாம். எஸ்டிஎஸ்200 மாதிரியான ஸ்கேனருக்குக் கொடுக்கும் காசில் பெரும்பகுதி, அந்த நாட்டுப் போலீஸும் தீயணைப்பும் பயன்படுத்தும் பி25 என்கிற டிஜிட்டல் டிரங்கிங் முறையைப் பிரித்துக் கேட்பதற்குத்தான். தண்டையார்பேட்டையில் அந்த வசதி சும்மா கிடக்கும். உங்கள் உரிமத்துக்கு உட்பட்ட 144–146, 434–438 மெகாஹெர்ட்ஸ் பட்டைகளில் பெரும்பாலும் பழைய அனலாக் எஃப்எம் பேச்சுதான். அதற்கு எளிய ஸ்கேனர் போதும்.

யூனிடென் பிசி125ஏடி இரண்டு பென்சில் பேட்டரியில் ஓடும். 500 சேனல் நினைவில் வைக்கும். 400 முதல் 512 வரையும் எடுக்கும் என்பதால் இரண்டு பட்டையும் வந்துவிடும். ஐகாம் ஐசி-ஆர்6 அதைவிடச் சிறியது. 1300 நினைவிடம், நொடிக்கு 100 சேனல் வரை வேகம்.

வேகத்தை ஏன் சொல்கிறோம் என்றால், 144–146 பட்டையை 12.5 கிலோஹெர்ட்ஸ் படியில் துழாவினால் 160 இடம் வருகிறது. ஆர்6 இரண்டு நொடிக்குள் ஒரு சுற்று முடித்துவிடும். நொடிக்குப் பத்து மட்டுமே பார்க்கும் செட்டுக்கு 16 நொடி ஆகும். அதற்குள் ஒருவர் அழைப்புக்குறியைச் சொல்லி ஓய்ந்திருப்பார். அமெச்சூர் மொபைல் டிரான்ஸீவர்கள் பெரும்பாலும் இந்த மெதுவான ரகம்தான். ஆனாலும் உரிமமுள்ளவருக்கு எங்கள் சிபாரிசு அதுவே. கேட்கவும் செய்யலாம், பேசவும் செய்யலாம். முழுப் பட்டையைத் துழாவாமல், சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் ரிப்பீட்டர்கள், நண்பர்கள் கூடும் அலைவரிசைகள் என்று பத்துப் பதினைந்தை நினைவில் ஏற்றி அவற்றை மட்டும் சுற்ற விட்டால் மெதுவான செட்டே தாராளம். காரிலிருந்து பேசுவதென்றால், நடமாடும் நிலையம் பற்றி உரிமத்தில் என்ன நிபந்தனை இருக்கிறது என்று படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

கடையில் பார்க்க வேண்டியவை: 12.5, 25 கிலோஹெர்ட்ஸ் படிகள் இருக்கின்றனவா, பேச்சு இல்லாதபோது இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச்சுக்குத் தனித் திருகு உண்டா அல்லது மெனுவுக்குள் ஒளிந்திருக்கிறதா, நண்பகல் வெயிலில் எண் தெரிகிறதா, கண்ணால் பார்க்காமல் விரலால் தடவிப் பொத்தானைப் பிடிக்க முடிகிறதா. வெயிலில் எண் தெரிகிறதா என்பதைக் கடைக்குள் குளிரில் நின்று சோதிக்க முடியாது. வாசலுக்குக் கொண்டுவந்து பாருங்கள். பில் தராத செட் எவ்வளவு மலிவாக இருந்தாலும் தொட வேண்டாம்.

வீட்டு மொட்டை மாடியில் தெளிவாகக் கேட்ட செட், காரின் டேஷ்போர்டில் வைத்தால் கரகரக்கிறது. செட்டை மாற்ற வேண்டுமா, ஆன்டெனாவையா?
*– திருவொற்றியூர் வாசகர்*

ஆன்டெனாவை. செட்டோடு வரும் ரப்பர் குச்சி சுருக்கிச் சுற்றிய கம்பி. திறந்த வெளியிலேயே சுமாராகத்தான் வேலை செய்யும். காருக்குள் அது தகரப் பெட்டியில் அடைத்த மாதிரி. 145 மெகாஹெர்ட்ஸ் அலை இரண்டு மீட்டர் நீளம். கண்ணாடி வழியாக ஏதோ கொஞ்சம் உள்ளே வரும். வெயிலுக்காக உலோகப் பூச்சுள்ள ஃபிலிம் ஒட்டியிருந்தால் அதுவும் குறையும்.

கூரையின் நடுவில் ஒரு கால் அலை கம்பி, அதாவது அலை நீளத்தில் கால் பங்குள்ள கம்பி வையுங்கள். நீளக் கணக்கு எளிது. 75ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்து 0.95ஆல் பெருக்கினால் மீட்டரில் விடை. 145க்கு 49 சென்டிமீட்டர். 435க்கு 16.4. ஆனால் இரண்டு கம்பி தேவையில்லை. 49 சென்டிமீட்டர் கம்பி 435இல் முக்கால் அலையாக நின்று, செட்டின் 50 ஓம்ஸுக்கு ஓரளவு பொருந்திவிடும். அந்தப் பட்டையில் அதன் பார்வை கொஞ்சம் வானத்தை நோக்கி ஏறிவிடும் என்பதுதான் குறை.

கம்பியை நீங்களே வெட்டுவதானால் 52 சென்டிமீட்டரில் தொடங்குங்கள். ஒரு சென்டிமீட்டர் குறைத்தால் அது பொருந்தும் அலைவரிசை ஏறக்குறைய 3 மெகாஹெர்ட்ஸ் மேலே ஏறும். அதனால் ஒரு தடவைக்கு 3 மில்லிமீட்டருக்கு மேல் நறுக்காதீர்கள். பேசுகிறவர்களுக்குத்தான் இந்தத் துல்லியம். கேட்க மட்டும் என்றால், ஆன்டெனாவின் பொருத்தத்தைக் காட்டும் எஸ்டபிள்யூஆர் என்கிற அளவு (1 என்றால் முழுப் பொருத்தம்) 2 காட்டினாலும் இழப்பு அரை டெசிபல்தான், காதுக்குத் தெரியாது. அதற்காக மீட்டர் வாங்கிச் செலவழிக்க வேண்டாம்.

மேக்னெட் பேஸ் (காந்த அடி) போதுமா என்றால், சென்னை ஓட்டத்துக்குப் போதும். ஒன்பது பத்து சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒற்றைக் காந்தம் அரை மீட்டர் கம்பியைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் கூரை இரும்புத் தகடாக இருக்க வேண்டும். கண்ணாடிக் கூரையிலும் அலுமினியத்திலும் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் மட்டும் போதாது. கம்பிக்குக் கீழே விரிந்த தகடுதான் ஆன்டெனாவின் மறுபாதி. டிக்கி மூடியின் ஓரத்தில் வைத்தால் தகடு அதிகமுள்ள முன்பக்கம் நன்றாகக் கேட்கும், பின்பக்கம் மங்கும். கூரை நடுவில் வைத்தால் நாலாபக்கமும் சமம்.

‘கெயின்’ (சிக்னலைக் கூட்டித் தரும் திறன்) என்று சொல்லி ஒன்றேகால் மீட்டர், ஒன்றரை மீட்டர் ஆன்டெனாவைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். எட்டில் ஐந்து அலை ஆன்டெனா தரையோடு தரையாகத் தூரம் பார்க்கும், உண்மைதான். அதற்கு ஈடாக, பட்டை குறுகும், மரக்கிளை தட்டும், ஆட்டத்தில் அடி தளரும். ஸ்கேனருக்கு அகலமான பட்டையே முக்கியம். கால் அலையே நல்லது.

ஒயரை மறக்க வேண்டாம். மலிவு ஆன்டெனாக்களோடு வருவது ஈர்க்குச்சி மாதிரி மெல்லிய ஆர்ஜி-174. நாலு மீட்டரில் அது 435இல் ஏறக்குறைய இரண்டரை டெசிபலைத் தின்றுவிடும். அதாவது வந்த சிக்னலில் பாதி அளவு காலி. ஆர்ஜி-58 அதே நீளத்தில் ஒன்றரை. ஒயரை டிக்கி ரப்பர் வழியாக உள்ளே கொண்டுவாருங்கள். நுழைவதற்கு முன் ஒரு தொங்கல் விடுங்கள். மழைநீர் அதன் அடிவயிற்றில் சொட்டிவிடும், உள்ளே ஏறாது. கதவின் பூட்டுப் பக்கம் விட்டால் பத்து நாளில் நசுங்கும்.

செட்டின் முனை எஸ்எம்ஏ என்கிற சிறிய வகை, ஒயரின் முனை பிஎல்-259 என்கிற பெரிய வகை என்றால் இரண்டையும் கெட்டி அடாப்டரால் இணைக்காதீர்கள். கனமான முனை ஆடி ஆடி, செட்டின் சர்க்யூட் போர்டில் உள்ள ஈயப் பிடிப்பை உடைத்துவிடும். ஒரு சாண் நீள மெல்லிய ஜம்பர் ஒயர் போடுங்கள். சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் சொன்ன நீளத்துக்கு கிரிம்ப் செய்து தருவார்கள். எஸ்எம்ஏயில் ஆண், பெண் இரண்டும் உண்டு. பாவோஃபெங் செட்டில் ஊசி செட்டில் இருக்கும்; ஐகாம், யேசுவில் துளை செட்டில். செட்டைக் கையோடு எடுத்துப் போனால் ஒரு நடை மிச்சம்.

கூரை ஆன்டெனா ஆறு மாதம் நன்றாக இருந்தது. இப்போது மழை பெய்தால் சுத்தமாகக் கேட்பதில்லை, வெயில் வந்தால் பாதி திரும்பி வருகிறது. கார் நிற்பது காசிமேட்டில், கடலுக்கு எதிரே.
*– காசிமேடு வாசகர்*

உப்புக்காற்று ஒயருக்குள் ஏறிவிட்டது. கம்பியைக் காந்த அடியிலிருந்து கழற்றிப் பாருங்கள். அடியில் பச்சைக் களிம்பு இருக்கும். அதை மட்டும் சுரண்டிவிட்டால் ஒரு வாரம் தாங்கும். நோய் அங்கே இல்லை, ஒயரின் பின்னலில். செப்புப் பின்னல் திரி மாதிரி. ஒரு முனையில் ஈரம் பட்டால் உள்ளே உறிஞ்சிக்கொண்டே போகும். பிளக்கை வெட்டி, மேல்தோலை இரண்டு விரற்கடை உரித்துப் பாருங்கள். செம்பு கறுத்திருந்தால் இன்னும் வெட்டுங்கள், பளபளக்கும் இடம் வரும்வரை. அரை மீட்டர் தாண்டியும் கறுப்பு என்றால் ஒயரையே மாற்றுங்கள்.

வெட்டுவதற்கு முன் மல்டிமீட்டரால் ஒரு சோதனை: பிளக்கின் நடு ஊசிக்கும் ஆன்டெனாக் கம்பிக்கும் தொடர்பு இருக்க வேண்டும், நடு ஊசிக்கும் வெளிக்கூட்டுக்கும் இருக்கக் கூடாது. அடியில் சுருள் வைத்த ஆன்டெனா என்றால் இரண்டாவது சோதனை பொய்யாக ஷார்ட் காட்டும், பயப்பட வேண்டாம். எளிய கால் அலையில் ஷார்ட் காட்டினால் பெரும்பாலும் தண்ணீர் புகுந்திருக்கும்.

புதிதாகப் போடும்போது, வெளியே இருக்கும் இணைப்பைத் தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப்பால் சுற்றுங்கள். இழுத்து நீட்டி, ஒரு சுற்றின் பாதி மேல் அடுத்த சுற்று வர வேண்டும். அதன் மேல் சாதா இன்சுலேஷன் டேப். சாதா டேப்பை மட்டும் சுற்றினால் வெயிலில் பசை உருகி, ஈரத்தைப் பூட்டிவைக்கும் பையாகிவிடும். அடியிலுள்ள ஆலன் திருகுக்குத் துளி கிரீஸ் வையுங்கள், இல்லாவிட்டால் அடுத்த வருடம் கழலாது. கம்பி குரோம் பூசியதாக இல்லாமல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும்.

வாரம் ஒரு முறை காந்தத்தைத் தூக்கி, கூரையையும் காந்தத்தின் அடியையும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். தூக்குங்கள் என்கிறோம், இழுக்காதீர்கள். அடியில் சிக்கிய மணல் பெயின்ட்டைக் கீறினால் துரு அங்கிருந்துதான் கிளம்பும். எண்ணூர்ப் பக்கம் ஓட்டுகிறவர்களுக்கு உப்போடு நிலக்கரித் தூளும் சேரும். ஈரத்தில் அது கம்பியின் அடியிலுள்ள பிளாஸ்டிக்கின் மேல் மின்சாரம் கசியும் படலமாகப் படியும். அந்த வளையத்தையும் துடையுங்கள்.

இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் செட்டில் ‘உய்ய்’ என்று ஒரு சத்தம். மெக்கானிக் ஆல்டர்னேட்டரை மாற்றச் சொல்கிறார்.
*– எண்ணூர் வாசகர்*

பொறுங்கள். முதலில் செட்டின் பின்னாலிருந்து ஆன்டெனாவைக் கழற்றிப் பாருங்கள். சத்தம் அப்படியே இருந்தால் மின் ஒயர் வழியாக வருகிறது. நின்றுவிட்டால் ஆன்டெனா வழியாக.

மின் ஒயர் என்றால், ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது சத்தத்தின் சுருதி ஏறுகிறதா என்று கவனியுங்கள். ஏறினால் ஆல்டர்னேட்டர் சம்பந்தம்தான். ஆனால் குற்றம் பெரும்பாலும் லைட்டர் சாக்கெட்டிலிருந்து மின்சாரம் எடுத்ததில். செட்டுக்கு நேராக பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒயர் இழுங்கள். பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் ஃபியூஸ் வையுங்கள். ஸ்கேனருக்கு 2 ஆம்பியர். 50 வாட் டிரான்ஸீவருக்கு 15 ஆம்பியர், 4 சதுர மில்லிமீட்டர் ஒயர். ஃபியூஸை செட்டின் பக்கம் வைத்தால், நடுவில் ஒயர் உரசி ஷார்ட் ஆகும்போது அது காப்பாற்றாது, ஒயர்தான் எரியும். மைனஸ்ஸை பேட்டரி முனையில் நேராகக் கட்ட வேண்டாம். இப்போதைய கார்கள் பலவற்றில் அங்கே மின்னோட்டத்தை அளக்கும் சென்சார் இருக்கும், அதன் கணக்கு குழம்பும். ஷாசியில் ஒரு போல்ட்டைத் தேர்ந்து, பெயின்ட்டைச் சுரண்டி, வெறும் இரும்பில் இறுக்குங்கள்.

சத்தம் ஆன்டெனா வழியாக என்றால் சந்தேகப் பட்டியல் வேறு: டேஷ்கேம், யுஎஸ்பி சார்ஜர், பிறகு மாட்டிய எல்இடி பல்புகள். ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். முதல் குற்றவாளி பெரும்பாலும் டேஷ்கேம்தான். அதன் ஒயரில், கேமராவுக்குப் பக்கத்தில் ஒன்றும் சார்ஜருக்குப் பக்கத்தில் ஒன்றுமாக இரைச்சலை அடக்கும் ஃபெரைட் கிளிப் மாட்டுங்கள். ஒயரைக் கிளிப்புக்குள் இரண்டு சுற்றுச் சுற்ற இடமிருந்தால் பலன் கூடும். ஆன்டெனா ஒயரும் டேஷ்கேம் ஒயரும் ஒரே தூணுக்குள் ஒட்டிப் போகக் கூடாது. இதற்கும் அடங்கவில்லை என்றால் சார்ஜரை மாற்றுங்கள். ஆல்டர்னேட்டர் பாவம்.

போலீஸ் மைக் கேட்க எந்த செட் வாங்கலாம்?
*– வண்ணாரப்பேட்டை வாசகர்*

எதுவும் வேண்டாம். பிறர் செய்தியை ஒட்டுக்கேட்பதற்கு 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தின் 42ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறையோ, இரண்டு கோடி ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. 2024 ஜூன் 26 முதல் அது அமலில் இருக்கிறது. வயர்லெஸ் ஆர்வம் உண்மையானால் அமெச்சூர் உரிமம் எடுங்கள். 12 வயது நிறைந்தால் தேர்வு எழுதலாம். ரெஸ்ட்ரிக்டட் கிரேடு உரிமத்துக்கு மோர்ஸ் (புள்ளி-கோடு சங்கேதம்) தேர்வு இல்லை; ஜெனரலுக்கு நிமிடத்துக்கு 8 சொல் வேகம் வேண்டும். விண்ணப்பம் மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சரள் சஞ்சார் இணையதளத்தில்.

ராயபுரத்தில் நண்பர் வீட்டு மாடியில் 15 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா. நான் காரில் எவ்வளவு தூரம் வரை அவரைக் கேட்கலாம்?
*– மணலி வாசகர்*

இரண்டு உயரங்களின் வர்க்கமூலத்தையும் கூட்டி 4.12ஆல் பெருக்குங்கள். உங்கள் கார் ஆன்டெனா 1.8 மீட்டர் என்றால் ஏறக்குறைய 21 கிலோமீட்டர். இது தடையே இல்லாத சமவெளிக் கணக்கு. கண்டெய்னர் அடுக்குகளும் எண்ணெய்த் தொட்டிகளும் நடுவில் நிற்கும்போது பாதிகூட வராது. லாரி வரிசையில் மாட்டி நிற்கையில் பேச்சு அறுந்தால், நேரடி அலையும் தகரத்தில் பட்டுத் திரும்பிய அலையும் அங்கே ஒன்றையொன்று அழிக்கின்றன. அரை மீட்டர் முன்னே நகர்த்துங்கள், திரும்பி வரும். ஓடும் காரில் ‘தட தட’ என்று விட்டுவிட்டுக் கேட்பதும் இதே காரணத்தால்தான், செட் கெடவில்லை.

சர்வதேச விண்வெளி நிலையத்தைக் கார் ஆன்டெனாவில் கேட்க முடியுமா?
*– வியாசர்பாடி மாணவி*

முடியும். 145.800 மெகாஹெர்ட்ஸ், எஃப்எம். நிலையம் தலைக்கு மேல் கடக்கிற பத்து நிமிடத்துக்குக் கால் அலையே சரி. நீளமான கெயின் ஆன்டெனா வானத்தைப் பார்க்காது. வரும்போது அலைவரிசை ஏறக்குறைய 3 கிலோஹெர்ட்ஸ் கூடியும் போகும்போது அதே அளவு குறைந்தும் கேட்கும், எஃப்எம் செட் அதைத் தாங்கிக்கொள்ளும். எப்போதும் பேச்சு இருக்காது. 2025 ஜூலையில் சுபான்ஷு சுக்லா அங்கிருந்து அமெச்சூர் ரேடியோ வழியாக நம் மாணவர்களோடு பேசினார். அப்படிப்பட்ட நாள்களை முன்கூட்டியே அறிவிப்பார்கள். வீட்டில் கார் இல்லையென்றால் மாடியில் ஒரு இரும்புத் தகட்டின் நடுவில் காந்த அடியை வையுங்கள், அதே வேலை.

மாலின் நிலவறை பார்க்கிங்கில் ஆன்டெனா இடிக்குமா?
*– பெரம்பூர் வாசகர்*

காரின் உயரத்தோடு கம்பியையும் கூட்டி, நுழைவாயிலில் எழுதியிருக்கும் உயரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றரை மீட்டர் காரில் அரை மீட்டர் கம்பி என்றால் இரண்டு மீட்டர். 2.1 என்று எழுதியிருந்தாலும் உள்ளே தீயணைப்புக் குழாய்கள் அதைவிடத் தாழ்வாகத் தொங்கலாம். கழற்றி டிக்கியில் போட்டுவிடுங்கள்.