புனிதர் படம் வரையக் கொடுக்கும் முன்

கேள்வி: கடலூரில் ஒரு கத்தோலிக்கப் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் இருக்கிறேன். எங்கள் நான்கு ஹவுஸ்களுக்கு அருளானந்தர், தேவசகாயம், அன்னை தெரேசா, கார்லோ அகுத்திஸ் பெயர்களை வைத்திருக்கிறோம். இவர்களோடு பள்ளியை நிறுவிய சாமியாரின் படத்தையும் வரைந்து மாட்ட ஆசை. பிளெக்ஸே போதும் என்கிறார்கள் சிலர். ஓவியரிடம் என்ன சொல்லிக் கொடுக்க வேண்டும்?

பதில்: பிளெக்ஸ் வேண்டாம். நம் ஊர் வெயிலில் சிவப்பு முதலில் போய்விடும். புனிதர்கள் எல்லாரும் நீலம் பூத்து நிற்பார்கள்.

ஓவியரைத் தேடும் முன், இந்த ஐவரில் யார் முகம் நமக்குத் தெரியும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். அன்னை தெரேசாவுக்கும் கார்லோவுக்கும் போட்டோ உண்டு. அருளானந்தர் 1693-லும் தேவசகாயம் 1752-லும் கொல்லப்பட்டவர்கள். கேமராவே இல்லாத காலம். அவர்களுக்கு உடையும் கையிலிருக்கும் பொருளும்தான் அடையாளம். ஒரு பள்ளியில் பன்னிரண்டு பேர் கருத்து சொல்ல, தேவசகாயத்தின் மீசையை நான்கு தடவை மாற்றி வரைந்தேன். பென்சில் கோட்டோவியம் வந்ததும் மூன்று பேர் மட்டும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.

அருளானந்தர் லிஸ்பனில் பிறந்தவர். இங்கே பண்டாரசாமியாக, அதாவது காவி உடுத்திய தமிழ்த் துறவியைப் போல, வாழ்ந்தவர். அவருக்குக் கறுப்பு அங்கி மாட்டிவிட்டால் அந்த வாழ்க்கையே படத்தில் இருக்காது. காவி உடை, கோல், பின்னால் அவர் கொல்லப்பட்ட ஓரியூரின் செம்மண். தேவசகாயம் திருவிதாங்கூர் அரசில் அதிகாரியாக இருந்தவர். அவருக்கு விலங்கிட்ட கைகள் போதும், எல்.கே.ஜி. பிள்ளைகள் நடக்கும் வராந்தாவில் ரத்தம் எதற்கு? படத்தின் கீழே சாதிப் பெயரைச் சேர்க்காதீர்கள். 2022 மே 15 அன்று புனிதராக அறிவித்தபோது ரோமே அதை விட்டுவிட்டது.

அன்னைக்கு நீலக்கரைச் சேலை, இடது தோளில் குத்திய சிறு சிலுவை. அந்தக் கரையை அவருடைய சபை வணிகக் குறியாகப் பதிவு செய்திருக்கிறது. சுவரில் மாட்டும் படத்துக்குத் தொல்லை வராது. டி-ஷர்ட்டில் அச்சடித்து விற்க நினைத்தால் சபையிடம் கேட்டுவிடுங்கள். கார்லோ 15 வயதில் இறந்த பையன். ஜீன்ஸும் டி-ஷர்ட்டுமாகவே இருக்கட்டும், தலையைப் படிய வாரிவிட வேண்டாம். இணையத்தில் எடுத்த போட்டோவை அப்படியே பார்த்து வரைவதானால், அதன் உரிமையாளரிடம் அனுமதி வாங்க வேண்டும்.

உங்கள் நிறுவனர் விஷயத்தில்தான் பலரும் சறுக்குவார்கள். புனிதர் பட்டமோ அதற்கு முந்தைய படியான அருளாளர் பட்டமோ வராதவருக்கு ஒளிவட்டம் போடக்கூடாது. திருத்தந்தை எட்டாம் உர்பான் 17-ஆம் நூற்றாண்டிலேயே போட்ட விதி இது. பாசத்தில் ஒரு மஞ்சள் வட்டம் வரைந்துவிட்டால், படத்தை மந்திரித்து ஆசீர்வதிக்க வரும் பங்குச்சாமி தர்மசங்கடத்தில் நிற்பார். நிறுவனர் படத்தைப் பீடத்துக்குப் பக்கத்திலோ மெழுகுவர்த்தி ஏற்றும் இடத்திலோ வைக்காமல் அலுவலக முகப்பில் மாட்டுங்கள்.

எண்ணெய் வண்ணம் அழகுதான். ஆனால் முழுதாகக் காய்ந்து வார்னிஷ் பூச ஆறு மாதத்துக்கு மேல் ஆகும். அக்ரிலிக் அன்றைக்கே காயும். கடற்காற்றில் இரும்பு ஆணி துருப்பிடித்துச் சுவரில் கோடு இறங்கும் என்பதால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகாணி வாங்குங்கள். படச் சட்டத்தின் பின்னால் நாலு மூலையிலும் தக்கைத் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று ஓடும். இல்லாவிட்டால் ஐப்பசி மழையில் கான்வாஸ் பூஞ்சை பிடிக்கும். மேற்கு வெயில் நேராக விழும் சுவர் வேண்டாம்.

அப்புறம் காப்புரிமை (காப்பிரைட்). பணம் கொடுத்து வரையச் சொன்ன உருவப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி முதல் உரிமையாளர் வரையச் சொன்னவர்தான். ஆண்டு மலரிலும் நாட்குறிப்பிலும் பயன்படுத்துவோம் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்வது நல்லது. ஓவியர் பெயரை மறைக்காதீர்கள், அது அவர் உரிமை. பணத்தை முன்பணம், கோட்டோவியம், ஒப்படைப்பு என்று மூன்றாகப் பிரித்துக் கொடுங்கள்.

திறப்புக்கு நாள் பார்ப்பதிலும் சிக்கல் உண்டு. தேவசகாயம் திருநாள் ஜனவரி 14, பொங்கல் விடுமுறை. கார்லோவுக்கு அக்டோபர் 12, மழை தொடங்கும் நேரம். அன்னையின் திருநாளான செப்டம்பர் 5 ஆசிரியர் தினமும்கூட, பள்ளி நிறையப் பிள்ளைகள் இருப்பார்கள். ஜூனில் பள்ளி திறந்ததும் ஓவியரிடம் பேசிவிட்டால் அக்ரிலிக்கில் ஐந்து படமும் அதற்குள் வந்துவிடும்.